சுவரில் இருந்த சுவிட்ச்

ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த உருண்டைக்கால் பிளக், சுவரிலிருந்த சாக்கெட்டிடம் கெஞ்சியது. "கொஞ்சம் இடம் விடுங்கண்ணே, போன் சாகக் கிடக்கு."

"இங்கே தட்டைக்கால்காரங்களுக்குத்தான் இடம்," என்றது சாக்கெட்.

பையிலிருந்து வந்த அடாப்டர், "என் முதுகுல ஏறிக்கோ தம்பி," என்று பிளக்கைச் சுமந்துகொண்டு சாக்கெட்டுக்குள் நுழைந்தது. மின்சாரம் வரவில்லை. போன் அணைந்தது.

"போலிப் பயலே!" என்று பிளக் கத்தியது. போன்காரி அடாப்டரைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"என் பக்கத்திலிருக்கிற சுவிட்சை யாரும் போடலையே," என்றது சாக்கெட்.

"அவங்க ஊர்ச் சுவரில் சாக்கெட்டுக்குச் சுவிட்ச் கிடையாது. முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்றது கூடைக்குள்ளிருந்து அடாப்டர்.

"சொல்லணுமா? இங்கே பிறந்தவங்க யாரும் கேட்டதே இல்லையே."