பெண்கள் வரிசை

திரையில் ரோஜா இதழ்கள் கொட்டின.

இதழ்களுக்கு நடுவிலிருந்து எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஒருவன் சுழன்று சுழன்று வந்து நின்றான். தோள்வரை முடி. சட்டையில் பாதிப் பொத்தான்கள் திறந்திருந்தன. உலகத்தையே ஒரு கை பார்த்துவிடுகிறவன் போல முகத்தை வைத்திருந்தான்.

சோபாவில் இருந்தவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"யார்றா இவன், திருட்டுப்பய மாதிரி?" என்றார் டெரிக்.

வருஷா வருஷம் இந்த இடத்தில் இதைத்தான் சொல்வார். வருஷா வருஷம் அலாவுதீன் சிரிப்பார். இந்த வருஷம் டெரிக் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சிரித்துவிட்டார்.

டெரிக் டிரம்ஸ். அலாவுதீன் பேஸ் கிட்டார். சோபாக்காரர் லீட் கிட்டார். பொன்மலை ரயில்வே காலனியின் ஒரே ராக் குழுவில் மிச்சம் இருப்பது இவர்கள் மூன்று பேர்தான். பிராட்கேஜ் என்று பெயர் வைத்துக்கொண்டு, ரயில்வே இன்ஸ்டிடியூட் மேடையைத் தாண்டி எங்கேயும் போகாத குழு.

ஓடிக்கொண்டிருந்தது அவர்களுடைய கடைசிக் கச்சேரி.

அதற்குத்தான் அரங்கம் நிரம்பியது. இனிமேல் வாசிக்கமாட்டோம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். காலனியே நிம்மதியாகக் கிளம்பி வந்தது.

வெளிநாட்டுக் குழுக்கள் விடைபெறும்போது பெரிய பெரிய ஆட்கள் வந்து படம் எடுப்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் இவர்களுக்கும் ஆசை வந்தது. இவர்களுக்குக் கிடைத்தவர் கல்யாண வீடியோக்காரர்.

தெரிந்த வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். டிரம்ஸ் சூடுபிடிக்கிற நேரத்தில், "சார், இங்க பாருங்க" என்றார். டெரிக் பார்த்தார். சிரித்தார். தாளம் போய்விட்டது. அலாவுதீனின் முகத்தை இதய வடிவத்துக்குள் வைத்தார். பாடுகிறவர் உச்சத்தில் நிற்கையில், பந்தி எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டு போனார். சமோசாத் தட்டு கிடைத்தது. அதைச் சாவகாசமாக எடுத்தார்.

வெளிநாட்டுப் படங்களை ஓரிரு முறை பார்த்ததோடு சரி. இதை ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

அடுத்தது சோபாக்காரரின் கிட்டார் சோலோ.

டெரிக் தொண்டையைச் செருமினார். அலாவுதீன் டீத் தம்ளருக்குள் பார்த்தார். கடையில் வாங்கிவந்த டீ. வடையும் கடை வடைதான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ரிமோட்டை டெரிக் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்... இந்த இடத்த ஓட்டிரவா?"

"சும்மா இர்றா" என்றார் அலாவுதீன், தம்ளருக்குள்ளேயே.

சோபாக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாழ்க்கையில் அவர் தப்பில்லாமல் வாசித்த ஒரே சோலோ அது. வீடியோக்காரர் அதில் ஒரு விரலைக்கூடக் காட்டவில்லை. தாலி கட்டி முடிந்ததும் வழக்கமாக என்ன செய்வாரோ அதைச் செய்தார். கேமராவைப் பெண்கள் வரிசைக்குத் திருப்பினார்.

அங்கே, சோலோ வாசித்தவரின் மனைவி செண்பகம் உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணமான புதிது. மாம்பழ நிறப் புடவை. இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மேடையைவிட்டு எடுக்காமல்.

"சோலோவ எடுக்கச் சொன்னா, காதைப் பொத்திக்கிட்டு இருக்கிறவள எடுத்து வச்சிருக்கான் பாரு" என்று வருஷா வருஷம் திட்டுவார்.

அடுப்படியிலிருந்து பதில் வரும்.

"நான் மட்டுமா? பின் வரிசையையும் பாருங்க."

போன சித்திரையோடு அந்தப் பதில் நின்றுவிட்டது.

போட்டோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நிற்கிறாள். அவர்கள் கல்யாணத்துக்கு வீடியோ இல்லை. அந்தக் காசில்தான் அவர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். பிள்ளை பிறக்கவில்லை, வீடியோ எடுக்கிற மாதிரி வீட்டில் வேறு விசேஷமும் வரவில்லை. பிற்பாடு யாராவது செல்போனை நீட்டினால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அசைகிற செண்பகம் இங்கே மட்டும்தான் இருந்தாள்.

"ஓட்டாதடா" என்றார்.

கையை நீட்டினார். டெரிக் ரிமோட்டைக் கொடுத்தார்.

சத்தத்தைக் கூட்டப்போகிறார் என்று இருவரும் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பில்லை. இந்த இடத்தில் அவர் சத்தத்தைக் கூட்டாத வருஷமே கிடையாது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்துவிட்டுப் போனதும் உண்டு.

கிட்டார் எகிறத் தொடங்கியது.

அவர் குறைத்தார்.

திரையின் ஓரத்தில் பச்சைக் கோடு கட்டம் கட்டமாகத் தேய்ந்தது. கிட்டார் பக்கத்து அறைக்குப் போனது. பக்கத்துத் தெருவுக்குப் போனது. பிறகு ஊரைவிட்டே போனது.

மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள்.

செண்பகம் முதலில் நம்பவில்லை.

பிறகு, இடது காதிலிருந்து விரலை எடுத்தாள்.

இன்னும் கொஞ்சம் பொறுத்து, வலது.