வளைவில் ஒரு சுகம்

மலையடிவாரத்தில் சேந்தன் வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. வெள்ளைக் காரை முன்சக்கரங்கள் இழுத்தன. சிவப்புக் காரைப் பின்சக்கரங்கள் தள்ளின.

“வளைவில் என் பின்பக்கம் வழுக்கினால் முதலாளி குழந்தைபோலச் சிரிப்பார். உன்னை ஓட்டும்போது கொட்டாவிதான் விடுகிறார்” என்றது சிவப்பு.

“கொட்டாவி விட்டாலும் வீடு வந்து சேர்கிறாரே” என்றது வெள்ளை.

ஒருநாள் காலையில் நல்ல மழை. சேந்தன் சிவப்புக் காரின் சாவியை எடுத்தார்.

“ஏங்க, ரோடு வழுக்கும். வெள்ளை வண்டியில போங்க” என்றாள் மனைவி வடிவு.

“அதுல என்ன சுகம் இருக்கு?” என்று சொல்லிவிட்டு அவர் மலையேறினார்.

மறுநாள் நசுங்கிப்போன சிவப்புக் காரை லாரியில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். வீட்டுக்குள் வடிவு அழுதுகொண்டிருந்தாள்.

“என்னதான் நடந்தது?” என்று வெள்ளை கேட்டது.

“வளைவில் அவர் பயந்துபோய் பிரேக்கை மிதித்தார்” என்றது சிவப்பு. “எனக்குத்தான் ஆட்டம் அடங்கவில்லை.”