சரிபாதி

"மரம் பாதிகூட இல்ல, விலை மட்டும் கூடுதலா? யார் காதுல பூ சுத்தறே?"

மரக்கடைக்காரர் போட்ட சத்தத்தில், இசைக்கருவிக் கடைச் சுவரில் மாட்டியிருந்த கிட்டார்களில் ஒன்றிரண்டு லேசாக முனகின.

கடைப் பெண் அசரவில்லை. "சின்ன கிட்டாரா இருந்தாலும் வேலைப்பாடு அதிகம் சார். உங்க பெரிய கிட்டாரோட சேர்த்து வாசிக்கறதுக்கு இதுதான் பொருத்தம்."

"பொருத்தம் பாக்க நான் என்ன பொண்ணா கட்டிக் குடுக்கறேன்?"

சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை உருவினார். உத்தரமோ கதவு நிலையோ, அளக்காமல் ஒரு பொருளை வாங்கிய சரித்திரம் அவருக்குக் கிடையாது. மரத்தூள் அள்ளப் போன இடத்தில் ஆரம்பித்து, திட்டு வாங்கி, திட்டக் கற்று, சொந்தக் கடை போட்ட மனுஷன். வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்த தன் கிட்டாரைச் சின்னதன் பக்கத்தில் கிடத்தி, நீளம், அகலம், வயிற்றின் ஆழம் என்று அளந்தார்.

"பாரு! என்னுதுல பாதிதான் தேறும். என் தம்பிக்கு இதையா குடுப்பேன்?"

தம்பி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். காதோரம் நரைத்த தம்பி. மரக்கடையில் அவனும் கூட்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாசிப்பது வழக்கம். அதாவது, அண்ணன் வாசிப்பார். கை வலித்துக் கீழே வைத்தால் தம்பி எடுத்துக்கொள்வான். அண்ணனுக்குக் கை வலிப்பது அபூர்வம். அதனால்தான் இப்போது தம்பிக்கென்று தனியாக ஒன்று.

கடைப் பெண் தம்பியிடம் திரும்பினாள். "நீங்க விரலால மீட்டுவீங்களா சார், பிக் வச்சு அடிப்பீங்களா?"

"விரல்..."

"அடிப்பான்! நான் சொல்லிக் குடுத்ததுதானே," என்றார் அண்ணன்.

"எந்த மாதிரி சத்தம் பிடிக்கும் உங்களுக்கு?"

"கணீர்னு இருக்கணும் அவனுக்கு," என்றார் அண்ணன்.

தம்பி கை நீட்டிச் சின்னதைத் தொட்டான். "அண்ணே, எனக்கு இதுவே..."

அவ்வளவுதான். பொத்துக்கொண்டு வந்துவிட்டது கோபம்.

"வாயை மூடுடா! அப்பா போனதுக்கப்புறம் என்னைக்காவது உனக்குக் குறைச்சுக் குடுத்திருக்கேனா? கடையில சரிபாதி. மனையில சரிபாதி. ஒரே துணியை வாங்கி உனக்கும் எனக்கும் சட்டை தச்சவன்டா நான்! இன்னைக்கு யானையை நான் வச்சுக்கிட்டு எலியை உன் கையில குடுத்தா, நாலு பேர் என்னைக் காறித் துப்ப மாட்டாங்களா? உன் பொண்டாட்டி என்ன நினைப்பா?"

"அவ ஒண்ணும் நினைக்க..."

"நினைப்பா! எனக்குத் தெரியும்!"

தம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது.

மவுத் ஆர்கன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். "இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். தம்பிக்காரன் மூஞ்சியைப் பாரு, உர்ருனு."

"கேட்டுக்கோ! வழியில போறவருக்குத் தெரியுது, உனக்குத் தெரியல!"

கடைப் பெண் விடவில்லை. "ரெண்டும் பெருசா இருந்தா சத்தம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும் சார். ஒண்ணுதான் கேக்கும்."

"யாருக்குப் பாடம் எடுக்கறே? கூடுதல் விலைக்குத் தள்ளிவிடப் பாக்கறே நீ. என்னுது மாதிரியே இன்னொண்ணு எடும்மா. அளவு ஒரு நூல்கூடக் குறையக் கூடாது!" தம்பியைப் பார்த்து விரலை நீட்டினார். "உனக்கும் சொல்லிட்டேன். எடுத்தா பெருசு. இல்லேன்னா இன்னையோட சேர்ந்து வாசிக்கறதே கிடையாது. எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவோம்."

பெரிது வந்தது. டேப் வைத்து அளந்தார். இம்மியும் பிசகவில்லை. அதைத் தம்பி மடியில் வைத்து, தன்னுடையதை எடுத்துக்கொண்டு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நம்ம வழக்கமான பாட்டு. ம், எடு!"

கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடாமல் அவருக்கு வாசிக்க வராது.

பட்டறையில் சம்மட்டி அடிக்கிற வேகத்தில் இறங்கினார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. தெருவில் போன இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்தும் துடைக்கவில்லை. தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த பெரியவர், நடுவில் ஒரு தடவை தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் தலை ஆடவில்லை. கடைப் பெண் கீழே குனிந்துகொண்டாள்.

கடைசி அடியை ஓங்கி அடித்துவிட்டு அண்ணன் கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் வெற்றி.

"கேட்டியா பொண்ணே! சரிக்குச் சரி, ரெண்டும் சேர்ந்து எப்படி வந்துச்சு பாரு! ஒண்ணுதான் கேக்குமாம்ல! டேய், நீயே உன் வாயால சொல்லுடா, எப்படி இருந்துச்சு?"

அன்றைக்கு முதல் தடவையாக, கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

புதுக் கிட்டாரின் மேல் கட்டிக்கொண்டிருந்த கைகளைப் பிரிக்காமலே தம்பி சொன்னான்:

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லண்ணே."