ஏழு மணிச் சண்டை

"அந்த ஜன்னலை இப்ப மூடப் போறீங்களா இல்லையா, மாமா?"

"மூட மாட்டேன். எனக்கு மூச்சு முட்டுது!"

சமையலறை வாசலில் மனைவி, ஜன்னலோரம் அப்பா. இருவருக்கும் நடுவே, மடியில் லேப்டாப்போடு சோபாவில் அவன். காப்பீட்டு அலுவலகத்தில் பகலெல்லாம் பார்த்தும் தீராத விண்ணப்பங்களை அப்போதுதான் திறந்திருந்தான்.

ஒரு மாதமாக இதே கூத்து. நேற்று டிவி சத்தம், முந்தாநாள் செருப்பு விடுகிற இடம். பத்து வருஷமாக அதிர்ந்துகூடப் பேசிக்கொள்ளாத இரண்டு பேருக்கு என்ன வந்துவிட்டது? அவன் ராசியோ என்னவோ, ஏழு மணிக்கு லேப்டாப்பைத் திறக்கிற நேரம் பார்த்துத்தான் பற்றிக்கொள்ளும்.

"நீயே கேளுடா. ரயில் ஓட்டினவன் நான், காத்து வேணாமா?"

"நீங்களே சொல்லுங்க. நாள் பூரா மருந்துக்கடையில நின்னுட்டு வரேன். வர்ற தூசியை யார் கூட்டுறது?"

லேப்டாப்பை மூடினான். வேறு வழி?

அப்பாவைச் சமாதானப்படுத்தப் பூங்காவைச் சுற்றி ஒரு நடை. பாதி வழியிலேயே அவர் கோபம் மறந்து, தண்டவாளத்தில் மாடு படுத்துக்கொண்ட கதைக்குப் போய்விடுவார். திரும்பி வந்து மனைவியோடு துணி மடிக்க வேண்டும். மூன்றாவது சட்டைக்குள் அவளும் சிரித்துவிடுவாள்.

அதற்குமேல் படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். முன்பெல்லாம் கண்ணை மூடினாலும் விண்ணப்ப எண்கள் ஓடும், நெஞ்சு படபடக்கும். இப்போது எதுவுமில்லை. பஞ்சாயத்து பண்ணிய அசதி என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் வேலை தேங்கியது. மேலாளர் கூப்பிட்டார்.

"என்னய்யா, வீட்டுலேருந்து ஒரு ஃபைலும் வரலையே?"

"சார், வீட்டுல அப்பாவுக்கும் என் மனைவிக்கும் ஆகவே மாட்டேங்குது. நான் நடுவுல இல்லேன்னா குடும்பமே ரெண்டாயிடும். ஆறு மணிக்கு மேல இனிமே என்னால முடியாது."

பதவி உயர்வுப் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது.

மேலாளர் ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப பதவி உயர்வு அடுத்த வருஷம்தான். பரவாயில்லையா?"

"பரவாயில்லை, சார்."

அன்று மாலை லேப்டாப் இல்லாமல் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து நின்றான்.

"இனிமே சாயங்காலம் வேலையே கிடையாது. நீங்க ரெண்டு பேரும் தாராளமா சண்டை போடுங்க. தீர்த்து வைக்க நான் இருக்கேன்."

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாவம், வெட்கப்படுகிறார்கள் என்று அவனுக்கு மனசு இளகிவிட்டது.

முகம் கழுவப் போனவன் துண்டை மறந்து திரும்பினான். சமையலறைக்குள் கிசுகிசுப்பு கேட்டது. கால் அப்படியே நின்றது.

அப்பா மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஜெயிச்சுட்டோம்மா! நாளையிலேருந்து சண்டைக்கு லீவு, எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு."