ஒருத்திக்காக ஒரு டூல்

"சார், புது கர்னல் போட்டேன். உங்க டூல் மறுபடியும் புட்டுக்கிச்சு."

செந்தமிழ்ச்செல்வியின் குரல் கேட்டதும் கவியரசனுக்கு வெள்ளிமலைக் குளிர் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் இ-சேவை மையத்தைப் பூட்டிவிட்டால் அவனோடு பேச ஓர் ஆள் கிடையாது.

இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஒரே மாடல் லேப்டாப்தான் அவர்களைச் சேர்த்து வைத்தது. சார்ஜ் ஏறுவதை எண்பது சதவீதத்தில் நிறுத்தினால் பேட்டரிக்கு ஆயுசு கூடும். அதற்கான டூல் என்கிற சின்ன மென்பொருளை லேப்டாப் கம்பெனி விண்டோஸுக்கு மட்டும் கொடுத்தது. லினக்ஸ் இயங்குதளத்துக்குக் கவியரசன் தானே எழுதி இலவசமாக விட்டான். லினக்ஸின் மையமான கர்னல் மாறும்போதெல்லாம் டூல் படுத்துக்கொள்ளும். மற்றவர்கள் புது லேப்டாப்புக்கு மாறிப்போக, மிஞ்சியது எலவனாசூர்கோட்டையில் இவள் ஒருத்தி. அவன் திருத்தி அனுப்புவான். "இப்ப ஓடுது சார்" என்பாள். அப்புறம் மழை, மக்காச்சோளம், ஆக்கிய குழம்பைத் தனியாகத் தின்கிற சலிப்பு என்று பேச்சு நீளும்.

இன்று அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இனிமே உடையாதுங்க. கம்பெனிக்கு ஒரு டூல்னு ஆளாளுக்கு வச்சிக்கினு இருந்தா சரிவராது, எல்லா லேப்டாப்புக்கும் பொதுவா ஒரே வழி கர்னலுக்குள்ளயே இருக்கட்டும்னு கர்னல்காரங்க சொல்லிட்டாங்க. நம்ம மாடலுக்கும் எழுதிட்டேன். நாளைக்கு நான் இல்லாட்டியும் உங்க பேட்டரி பொழைச்சிக்கும்."

"அப்ப டூலு?"

"தேவைப்படாது."

"நான் கூப்பிடவும் தேவைப்படாது. அப்டித்தானே சார்?"

கவியரசன் தன்னையே கேட்டுக்கொண்டான். இந்த ஒரு குரலைத் தொலைக்கவா இத்தனை பாடுபட்டு எழுதினோம்? ஆனாலும் நியாயம் கர்னல்காரர்கள் பக்கம்தான். ஒற்றை ஆளை நம்பி அவள் எத்தனை காலம் இருப்பாள்?

"ஒரு வேலைதான் பாக்கி. எழுதினவன் பேச்சை மட்டும் நம்பி சேத்துக்க மாட்டாங்க. இன்னொருத்தர் அதே லேப்டாப்புல ஓட்டிப் பாத்து சரின்னு சொல்லணும். உங்களுக்கு அனுப்பட்டுங்களா?"

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தான்.

"இன்னா சார், இப்டி மாட்டி வுட்டீங்க?" என்றாள் அவள். "அந்த லேப்டாப்பு மழையில நனைஞ்சு செத்து மூணு வருசமாவுது. உங்க டூலு உடைஞ்சதும் எனக்குத் தெரியாது, ஓடுனதும் தெரியாது. வூட்ல பேச ஆளில்ல, அதான் பொய் சொல்லிக்கினே இருந்துட்டேன். திட்டுங்க சார்."

கவியரசன் திட்டவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"அடுத்த மாசம் புது கர்னல் வருதுங்க. டூல் கண்டிப்பா புட்டுக்கும். மறக்காம கூப்பிடுங்க" என்றான்.

அவனுடைய லேப்டாப், அவளுடையது செத்ததற்கும் முந்தின வருஷமே கள்ளக்குறிச்சி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. 'இப்ப ஓடுது சார்' என்று அவள் சொன்னதை நம்பித்தான் இத்தனை நாளும் அவன் குருட்டாம்போக்கில் திருத்திக்கொண்டிருந்தான்.