திட்டு வாங்குன தூணு

பழைய சினிமாக் கொட்டாயில திரை ஓரத்த மறைச்சுக்கிட்டு ஒரு தூணு. "பாதிப் படத்த முழுங்கிட்டியேடா!"ன்னு அது வாங்காத திட்டு கெடையாது. இப்ப அங்க நாடக மேடை போட்டாங்க.

"இன்னைக்கு நாடகம் முடிஞ்சதும் ஒன்ன இடிக்கப் போறாங்களாம்ணே,"ன்னுச்சு தூணுல ஒட்டிக்கிட்டிருந்த பல்லி.

"இடிக்கட்டும், திட்டு மிச்சம்,"னு சொன்ன தூணு, "ஆமா, நாடகம் எப்ப முடியும்?"னு மெல்லக் கேட்டுச்சு.

நாடகத்துல ராஜாவுக்கு வசனம் மறந்துபோச்சு. சனம் சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. வசனம் எடுத்துக் குடுக்குற ஆளு ஓடிவந்து, தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு, ஒவ்வொரு வரியா முணுமுணுத்தாரு. ஒருத்தர் கண்ணுலயும் படல. ராஜா வெளுத்து வாங்கிட்டாரு.

கைதட்டல் ஓஞ்சதும் ராஜா தூணக் கட்டிப் புடிச்சு, "இவன் மேல ஒருத்தன் கை வைக்கப்படாது!"ன்னாரு.

"அண்ணே, ஒடம்பெல்லாம் ராஜாவோட ரோஸ் பவுடரு! வாலால தொடச்சு விடவா?"ன்னுச்சு பல்லி.

"வால நறுக்கிருவேன்! அது அப்படியே இருக்கட்டும்."