எரியாத பல்பு

"ப்ளக் பாயின்ட் பக்கம் யாரும் போகக் கூடாது. இந்தச் சின்ன பேட்டரி மட்டும்தான். கரண்ட் போற பொருளா இருந்தா பல்பு எரியும்."

அன்றைய மூன்றாவது ரோபோ வகுப்பு. கிரேஸ் டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருட்களைப் பிள்ளைகள் இரண்டு வயர்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார்கள். சாவிக்கு எரிந்தது. ரப்பருக்கு எரியவில்லை.

"மிஸ், என்னுது வெள்ளி ஜரிகை. எரிய மாட்டேங்குது" என்றாள் தேன்மொழி.

"ஒழுங்கா வைம்மா. வெள்ளின்னா கண்டிப்பா எரியும்."

"மூணு தபா வெச்சேன் மிஸ்."

கிரேஸ் அலுப்போடு எழுந்து வந்து தானே வைத்தாள். எரியவில்லை. சாவியை வைத்தாள். எரிந்தது.

"இது வெள்ளியே இல்லம்மா. பிளாஸ்டிக் மேல பளபளன்னு பூச்சு. எந்தப் பொண்ணு தலையில கட்டப் போறாங்களோ! எங்க எடுத்த?"

"எங்கப்பா தறியில மிச்சம் மிஸ். கடைக்காரர் குடுத்து அனுப்பின ஜரிகை." தேன்மொழியின் முகம் மலர்ந்தது. "உங்க கல்யாணப் புடவையத்தான் மிஸ் அப்பா நெய்துக்கினு இருக்காரு!"

கிரேஸ் புது பேட்டரி ஒன்றை எடுத்து மாட்டி, அந்த ஜரிகையை மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.